வடத்தைத் தொட்டவர்களும் இழுத்தவர்களும்

வாசகர் கேள்வி:

சேரன்மகாதேவி பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். இரண்டாம் ஆண்டில் 48 பேர். மனப்பாடம் செய்யாமல் தாங்களே தேடிக் கண்டுபிடித்துப் படிக்கட்டும் என்று, போன பருவத்தில் அவர்களை எட்டுக் குழுவாகப் பிரித்து, 'தாமிரபரணி நீரின் தரம்' என்று ஓர் ஆய்வு கொடுத்தேன். குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு கூகுள் டாக். கடைசியில் வந்த எட்டு அறிக்கைகளில் ஆறு, இணையத்திலிருந்து அப்படியே எடுத்தவை. ஒவ்வொரு குழுவிலும் ஒருவரோ இருவரோதான் வேலை பார்த்திருக்கிறார்கள். குரூப்பில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் ஓடியது. மாணவிகள் சிலருக்குச் சாயங்காலத்துக்கு மேல் போன் கையில் இருக்காது. மலையடிவாரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு டவர் கிடைக்காது. இப்போது ஒரு நிறுவனத்தார் வந்து, குழு ஆய்வுக்கென்றே ஒரு செயலி இருக்கிறது, ஆண்டுக் கட்டணம் கட்டினால் போதும் என்கிறார்கள். நிர்வாகத்திடம் கேட்டு வாங்கலாமா? அல்லது இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு ஒத்துவராதா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

செயலி வாங்க வேண்டாம். நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, அது மேசை மேசையாகப் போய், 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று திரும்பி வருகிற அலைச்சலாவது உங்களுக்கு மிச்சமாகட்டும். இலவசமாகக் கிடைக்கும் கருவிகளே போதும். போன பருவத்தில் சறுக்கியது நீங்கள் கொடுத்த தலைப்பில். அப்புறம் குழுவின் அளவில். உங்களை வருத்தப்படுத்தச் சொல்லவில்லை. முப்பது வருடம் வேதியியல் நடத்திய நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்தான்.

'தாமிரபரணி நீரின் தரம்' என்பதில் கேள்வி எங்கே இருக்கிறது? தலைப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் தலைப்பைத்தான் தேடுவார்கள். தேடினால் கிடைத்துவிடும்: பொதிகையில் பிறக்கிறது, புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது, நீளம் சுமார் 128 கிலோமீட்டர், துணையாறுகள் இன்னின்ன. அதை எடுத்து ஒட்டியதற்காக அவர்களைக் கோபிக்க முடியாது. விடை ஏற்கெனவே எழுதியிருக்கும் இடத்துக்குத்தான் நாம் அவர்களை அனுப்பினோம்.

குழுவின் அளவுக்கு வருகிறேன். ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்தில் வடம் பிடித்திருப்பீர்கள். வடத்தில் எத்தனையோ கைகள் இருக்கும். அத்தனையும் இழுக்கிறதா என்றால் இல்லை. தொட்டுக் கும்பிட வந்த கை உண்டு, போட்டோவுக்கு நிற்கிற கை உண்டு. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதை ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தே பார்த்து, 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட, ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒருவரின் பங்கு, தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். அவர் இதைச் சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவில்லை. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதையும் காரணமாகச் சொன்னார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது காரணம்தான். உங்கள் ஆறு பேர் குழுவில் சும்மா இருந்த நான்கு பேரும் சோம்பேறிகளாக இருந்திருக்க மாட்டார்கள். எந்த நொடியில், எதைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே குழுவுக்கு நான்கு பேர். அதற்கு மேல் வேண்டாம். 48 பேருக்குப் பன்னிரண்டு குழு. திருத்த அதிகமாக இருக்குமே என்று பயப்படாதீர்கள். நான் சொல்லப்போகிற முறையில் பன்னிரண்டு அறிக்கை வராது. வகுப்பு முழுவதற்கும் ஒரே அட்டவணைதான்.

இப்போது கேள்வி. நம் பக்கத்தில் எந்த வீட்டு ஆச்சியைக் கேட்டாலும் சொல்வார்: ஆத்துத் தண்ணியில் பருப்பு குழைந்து வேகும், போர்த் தண்ணியில் எவ்வளவு நேரம் வைத்தாலும் முழித்துக்கொண்டு நிற்கும். ஆச்சி சொல்வது சரியான வேதியியல். பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளோடு கால்சியம், மக்னீசியம் அயனிகள் பிணைந்து அதை இறுக்கிவிடுகின்றன; இந்த அயனிகள் அதிகம் உள்ள தண்ணீரைத்தான் கடின நீர் என்கிறோம். ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் வெந்துவிடுவதும் அதே கதையின் மறுபக்கம். ஆனால் இதை வகுப்பில் முதல் நாள் சொல்லிவிடாதீர்கள். 'நம் வகுப்பில் 48 வீடு. யார் யார் வீட்டுத் தண்ணீரில் பருப்பு வேகாது? ஏன் அந்த வீட்டில் மட்டும்?' என்று மட்டும் கேளுங்கள்.

இந்தக் கேள்விக்கு விடை எந்த இணையதளத்திலும் கிடையாது. முக்கூடலில் இருக்கும் ஒரு மாணவன் வீட்டுக் கிணற்றின் கடினத்தன்மை கூகுளுக்குத் தெரியாது. வகுப்பில் மிகக் கெட்டிக்காரப் பெண்ணும் தனியாக இதற்கு விடை சொல்ல முடியாது. அவளுக்கு மற்ற 47 பேரின் எண்ணும் வேண்டும். ஒருவருடைய எண் இல்லாமல் இன்னொருவருக்கு வேலை நகரக் கூடாது. அப்படி ஒரு கேள்வி அமைந்துவிட்டால், குழுவில் எல்லோரும் வேலை செய்ய வேண்டும் என்று நாம் உபதேசம் செய்ய வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

நான்கு பேரில் ஒருவர் ஆற்று நீர், ஒருவர் குழாய் நீர், ஒருவர் கிணறு, ஒருவர் போர் என்று பிரித்துக்கொள்ளட்டும். இனி இன்னொரு அடுக்கு இருக்கிறது. பன்னிரண்டு குழுவிலும் உள்ள 'போர்க்காரர்கள்' பன்னிரண்டு பேரும் ஒருநாள் தனியாகக் கூடி, தங்கள் எண்களை மட்டும் வைத்துப் பேச வேண்டும். பேசி முடித்து அவரவர் குழுவுக்குத் திரும்பி, அங்கே விளக்க வேண்டும். டெக்சாஸின் ஆஸ்டினில் 1971இல் எலியட் ஆரன்சன் பள்ளிகளில் கொண்டுவந்த முறை இது. படத்துண்டுகளைச் சேர்த்து முழுப் படம் ஆக்கும் 'ஜிக்சா' விளையாட்டின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். உங்கள் வகுப்பிலும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருக்கும். அதை வைக்காமல் படம் முடியாது.

மாணவர்களை ஆற்றுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். அணையில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. படித்துறையில் பாசி வேறு. வீட்டுப் பெரியவர்கள் யாராவது குளிக்கப் போகும்போது கூடப்போய் ஒரு பாட்டில் எடுத்துவந்தால் போதும். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். போர் என்றால் மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு அப்புறம் பிடிக்கட்டும்.

சரி, கருவிகள். எனக்கு மூன்று போதும்: ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு கூகுள் ஷீட், பேசுவதற்கு ஓர் இடம்.

ஃபார்மை முதல் வகுப்பிலேயே, அளப்பதற்கு முன்பு, தனித்தனியாக நிரப்பச் சொல்லுங்கள். மூன்றே கேள்வி. உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினமா, மென்மையா? ஏன் அப்படி நினைக்கிறீர்கள்? எது நடந்தால் உங்கள் கணிப்பு தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பேர் 'தெரியாது' என்று எழுதுவார்கள். பரவாயில்லை. எல்லோரும் அனுப்பிய பிறகு ஃபார்மை மூடிவிட்டு, பதில்களின் வரைபடத்தைப் பெயர் இல்லாமல் திரையில் காட்டுங்கள். 'ஆற்றுக்குப் பக்கத்தில் உள்ள கிணறு மென்மையாகத்தான் இருக்கும்' என்று இருபது பேர் நினைத்தால், மறுக்கப் பத்துப் பேராவது வருவார்கள். சண்டை அங்கேயே ஆரம்பித்துவிடும். குழுவாக உட்கார்ந்த பிறகு கருத்துக் கேட்டால் முதலில் பேசியவன் கருத்தே எல்லோர் கருத்தும் ஆகிவிடுகிறது. தனியாக எழுதிவிட்டுக் குழுவுக்கு வருவதற்குத்தான் ஃபார்ம். கைத்தாளில் எழுதி வாங்கினாலும் இது நடக்கும். என்ன, 48 தாளையும் எண்ணி வரைபடம் போட உங்களுக்கு ஒரு ராத்திரி போய்விடும்.

அடுத்து ஷீட். ஆளுக்கு ஒரு வரிசை. ஊர், நீரின் வகை, ஆழம், எடுத்த தேதி, கடினத்தன்மையை அளக்கும் டைட்ரேஷனின் மூன்று அளவுகள், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), பி.எச். (அமில-காரத் தன்மை), சோப்பு நுரையின் உயரம். நுரைக்கு ஒரே அளவுப் பாட்டில், ஒரே அளவுத் தண்ணீர், ஐந்து சொட்டு சோப்புக் கரைசல், இருபது குலுக்கு, ஸ்கேலில் மில்லிமீட்டர். டைட்ரேஷன் நீங்கள் எப்போதும் செய்வதுதான்: 50 மி.லி. தண்ணீர், அம்மோனியா பஃபர், எரியோகுரோம் பிளாக் டி, கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் 0.01 மோலார் இ.டி.டி.ஏ.; ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடம். 12.5 மி.லி. செலவானால் லிட்டருக்கு 250 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். இந்தக் கணக்கை ஷீட்டில் நீங்கள் ஃபார்முலாவாகப் போட்டு வைக்காதீர்கள். அவர்களே போடட்டும். யாராவது ஒருவர் 25 மி.லி. எடுத்துவிட்டு 50 மி.லி. கணக்கைப் போட்டிருப்பார். அந்தத் தப்பு அட்டவணையில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கண்டுபிடிப்பவர் நீங்களாக இருக்கக் கூடாது, இன்னொரு குழுவாக இருக்க வேண்டும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. முதன்முதலில் இப்படி ஒரு பொது ஷீட் வைத்தபோது, எல்லோருக்கும் திருத்தும் அனுமதி கொடுத்துவிட்டேன். ஒரு மாணவன், எது அதிகம் என்று பார்க்கும் ஆசையில், கடினத்தன்மை நிரலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிவிட்டான். மற்ற நிரல்கள் அப்படியே நின்றன. மறுநாள் பார்த்தால் மலையடிவாரத்து ஓடைத் தண்ணீர்தான் வகுப்பிலேயே மிகக் கடினம். அதற்கு இரண்டு குழுக்கள் விளக்கமும் எழுதிவைத்திருந்தார்கள், நம்புவது போலவே! பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி இருந்ததால் எண்கள் பிழைத்தன. அதற்குப் பிறகு எண்களை ஃபார்ம் வழியாகத்தான் உள்ளே விடுகிறேன். மூல அட்டவணை எல்லோருக்கும் பார்க்க மட்டும். ஆராய வேண்டுமென்றால் குழுவுக்கு ஒரு நகல். ஆனால் அந்த இரண்டு விளக்கங்களையும் நான் தூக்கிப் போடவில்லை. தப்பான எண்ணுக்கும் அழகான காரணம் சொல்லிவிட முடியும் என்பதை வகுப்புக்குக் காட்ட ஒவ்வொரு வருடமும் எடுத்துப் படிப்பேன், பெயரை மறைத்துவிட்டு.

எண்கள் வந்ததும் வகுப்பு வேறு மாதிரி ஆகிவிடும். இந்த இடத்துக்குத்தான் நேரம் வேண்டும். இரண்டு வகுப்பாவது ஒதுக்குங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. 48 எண்ணில் எத்தனை இந்த இரண்டு கோட்டுக்கும் எந்தெந்தப் பக்கம் விழுகின்றன என்று பார்க்கட்டும். அப்புறம் டி.டி.எஸ். ஒரு அச்சிலும் கடினத்தன்மை மறு அச்சிலுமாகப் புள்ளி வரைபடம் போடச் சொல்லுங்கள்; ஷீட்டில் இரண்டு சொடுக்கு வேலை. இரண்டும் சேர்ந்தே ஏறும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கடற்கரைப் பக்கத்துத் தண்ணீர் ஏதாவது வந்திருந்தால் அது கோட்டை விட்டு விலகி நிற்க வாய்ப்புண்டு. டி.டி.எஸ். மீட்டருக்குச் சோடியமும் ஒன்றுதான், கால்சியமும் ஒன்றுதான், இ.டி.டி.ஏ. சோடியத்தைக் கண்டுகொள்வதில்லை. இதை மாணவர்களே கண்டுபிடிக்கும் நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை பாடும்.

வேறு சில முடிச்சுகளும் தானாக வந்து விழும். போர்த் தண்ணீர் என்று எழுதியவரின் டி.டி.எஸ். அம்பதுக்குள் இருக்கும். விசாரித்தால், வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது, பாட்டிலை அந்தக் குழாயில் பிடித்திருக்கிறார். இன்னொருவர் கேன் தண்ணீரைக் கொண்டுவந்திருப்பார். தாழையூத்துப் பக்கத்துப் பிள்ளை யாராவது இருந்தால், 'எங்க ஊர்ல சுண்ணாம்புக்கல் இருக்கே மேடம், அதனாலயா?' என்று கேட்கும். நல்ல கேள்வி. 1949இல் அங்கே சிமெண்ட் ஆலை வந்ததற்கே அந்தக் கல்தான் காரணம். 'ஆமாம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஊரிலிருந்து ஒரே ஒரு வரிசைதானே இருக்கிறது, ஒன்றை வைத்துச் சொல்லிவிடலாமா என்று திருப்பிக் கேளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை ஐந்து பாட்டிலோடு வரும். நான் பார்த்தவரை, குழு ஆய்வு பிடித்துக்கொண்டது என்பதற்கு இதுதான் அடையாளம்: நாம் கேட்காத பாட்டில் மேசைக்கு வருவது.

எந்த அளவுக்கு அவர்களைச் சுதந்திரமாக விடுவது என்பது பழைய வழக்கு. வழிகாட்டாமல் விட்டால் புதிதாகப் படிப்பவர்கள் திணறுவார்கள் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் கடுமையாக எழுதினார்கள். நல்ல தேடல் முறைக் கல்வி வழிகாட்டாமல் விடுவதே இல்லை, தாங்குகட்டை கொடுத்துத்தான் நடத்துகிறது என்று ஹெமெலோ-சில்வரும் கூட்டாளிகளும் மறுவருடம் பதில் எழுதினார்கள். என் கணக்கு எளிது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அளக்கும் முறையை நான் கொடுத்துவிடுவேன். எதை ஒப்பிடுவது, என்ன காரணம் சொல்வது என்பதை அவர்களிடம் விடுவேன். முறையையும் சேர்த்து விட்டால் ஆய்வகத்தில் பியூரெட்தான் உடையும்.

பேசுவதற்கான இடம் என்றேன். வாட்ஸ்அப் வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறேன். காலை வணக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. அதில் எல்லோருடைய போன் நம்பரும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மாணவிகளின் வீட்டில் ஆட்சேபிப்பது பெரும்பாலும் இதைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. கூகுள் கிளாஸ்ரூமில் நம்பர் வெளியே தெரியாது. அதைவிட நல்லது, பேச்சை எண்ணுக்குப் பக்கத்திலேயே வைப்பது: ஷீட்டின் அந்தக் கட்டத்திலேயே கருத்து எழுதும் வசதி இருக்கிறது. அதற்காக நகல் ஒன்றில் கருத்து எழுதும் அனுமதி மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் வேறு குழுவின் நான்கு வரிசைகளைப் பார்த்து இரண்டு கேள்வி எழுத வேண்டும். 'இந்த எண் எப்படி வந்தது?' என்று ஒன்று, 'வேறு காரணம் இருக்க முடியாதா?' என்று ஒன்று. 'சூப்பர்', 'நல்ல முயற்சி' எல்லாம் கணக்கில் சேராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்கப்பட்டவர் பதில் எழுதியே ஆக வேண்டும். மாதம் முடிந்து பார்த்தால், யார் என்ன நினைத்தார், எப்போது மனம் மாறினார் என்பது தேதியோடு அங்கே கிடக்கும். செயலி விற்க வந்தவர் இதைத்தான் ஆண்டுக் கட்டணத்துக்குத் தருவதாகச் சொல்லியிருப்பார்.

டவர் இல்லாத ஊர்ப் பிள்ளைகளை நினைத்துத்தான் நான் எந்த வேலையையும் 'இன்று ராத்திரி பத்து மணிக்குள்' என்று கொடுப்பதில்லை. வீட்டில் செய்ய வேண்டியது எல்லாம் நோட்டிலும் பாட்டிலிலும் முடிகிற வேலைதான். எண்களை ஏற்றுவது, கேள்வி எழுதுவது எல்லாம் கல்லூரிக் கணினி அறையில், வாரத்துக்கு ஒரு மணி நேரம். குழுவுக்கு ஒரு போனோ ஒரு கணினியோ இருந்தால் போதும். உண்மையில் நான்கு பேருக்கு நான்கு திரை இருப்பதைவிட ஒரு திரை இருப்பது நல்லது. நான்கு தலையும் ஒரே இடத்தில் குனியும்.

அந்த ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்வது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் வேதியியல் ஆசிரியர்கள் 1990களில் வளர்த்த 'போகில்' என்ற முறையில் ஒருவர் குழுவை நடத்துவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் வகுப்புக்கு முன் சொல்வார், ஒருவர் குழு எப்படி வேலை செய்கிறது என்று கவனித்துச் சொல்வார். வாரத்துக்கு வாரம் மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் கையெழுத்து அழகான பெண்தான் கடைசிவரை எழுதிக்கொண்டிருக்கும். நம்மூரில் இது நிச்சயம் நடக்கும், எழுதித் தருகிறேன்.

யார் எப்போது திருத்தினார் என்ற பதிவு கூகுள் டாக்கிலும் ஷீட்டிலும் இருக்கிறது. அதைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒருத்தி சொல்லச் சொல்ல இன்னொருத்தி தட்டியிருக்கலாம். ராத்திரி 10.47க்கு நானூறு சொல் ஒரே மூச்சில் வந்து விழுந்திருந்தால் மட்டும் கூப்பிட்டுக் கேளுங்கள். இப்போது சாட்ஜிபிடி வந்துவிட்டதால் அந்த நானூறு சொல் முன்பைவிட அழகாக இருக்கும். நான் அதைத் தடை செய்வதில்லை. 'கடின நீருக்கான காரணங்கள் ஐந்து' என்று அது தரட்டும். அந்த ஐந்தில் நம் 48 வரிசைக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்று வரிசை எண்ணோடு எழுதச் சொல்கிறேன். அதற்கு ஷீட்டைத் திறக்காமல் முடியாது.

கணினியில் செய்யும் மாதிரிச் சோதனைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் விற்க வந்தவர்கள் காட்டியிருப்பார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' இலவசம். இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. சில தமிழிலும் இருக்கின்றன, இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். பி.எச்., மோலாரிட்டி போன்றவற்றுக்கு அருமையாக இருக்கும். பள்ளி வகுப்புகளுக்கு அம்ரிதா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து செய்த 'ஓலேப்ஸ்' உண்டு. ஆனால் உண்மையான தண்ணீர் கையில் இருக்கும்போது இவற்றை முன்னே வைக்காதீர்கள். அவற்றின் எண்கள் ரொம்பச் சமர்த்து. எப்போது அளந்தாலும் ஒன்றே வரும். மூன்று முறை அளந்து மூன்று எண் வந்தால் என்ன செய்வது என்ற தவிப்புத்தான் ஆய்வு. அது அங்கே கிடைக்காது.

உங்கள் கல்லூரி விலங்கியல் நண்பர்களுக்கு இது பொறாமையாக இருந்தால், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது என்று சொல்லுங்கள். பறவை எண்ணுவதற்கு இ-பேர்ட் செயலி. ஒருவர் போடும் பட்டியலைக் கூட வந்தவர்களோடு பகிரும் வசதி அதில் உண்டு. இயற்பியலுக்கு, போனிலேயே இருக்கும் உணரிகளை அளவுகோலாக்கும் 'ஃபைஃபாக்ஸ்', ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் தருவது. ஆனால் அவர்களும் முதலில் கேள்வியைத் தேட வேண்டும்.

மதிப்பெண் பற்றி ஒன்று. குழுவுக்கு ஒரே மதிப்பெண் போட்டால் வடம் தொட்டவர்களுக்கும் பிரசாதம் கிடைத்துவிடுகிறது. தனித்தனியாக மட்டும் போட்டால் குழு எதற்கு? நான் பாதிக்குப் பாதி வைத்திருந்தேன். தனி மதிப்பெண்ணுக்கு ஒவ்வொருவரையும் மூன்று நிமிடம் கூப்பிடுவேன். அட்டவணையில் அவருடையது அல்லாத, அவர் குழுவுடையதும் அல்லாத ஒரு வரிசையைக் காட்டி, 'இந்த வீட்டில் பருப்பு வேகுமா? எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று கேட்பேன். 48 பேருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, உண்மைதான். ஆறு ஒட்டு அறிக்கையைப் படித்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

'நம் பிள்ளைகளுக்கு ஒத்துவராதா' என்று கேட்டிருக்கிறீர்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக 1993 முதல் பள்ளிப் பிள்ளைகள் குழுவாக உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்து வருகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளிகளும் அதில் உண்டு. உங்கள் வகுப்பிலேயே யாராவது ஒருவர் எட்டாம் வகுப்பில் போயிருக்கக் கூடும். கேட்டுப் பாருங்கள், அவரைச் சொல்லவைத்தால் உங்கள் முதல் வகுப்பு பாதி முடிந்தது.

முடிந்தால் இதை ஆண்டுக்கு இருமுறை செய்யுங்கள்: கார் சாகுபடிக் காலத்தில் ஒன்று, வடகிழக்கு மழை பெய்து பிசான நெல் நட்ட பிறகு ஒன்று. அதே கிணறு, அதே போர். மழை உள்ளே போன பின் எண் குறைகிறதா, கூடுகிறதா என்பதற்கு அடுத்த ஆண்டு மாணவர்கள் இந்த ஆண்டு ஷீட்டைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.

ஆரம்பிக்கும் முன்பு உங்கள் வீட்டுத் தண்ணீரை நீங்களே ஒருமுறை டைட்ரேட் செய்து, 49ஆவது வரிசையாகப் போட்டுவிடுங்கள். ஆழம் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். எத்தனை அடி என்று வீட்டில் யாரையாவது கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும்.